அஞ்சு மணிக்குள்ள ஆன் ஆகணும்

அறிவு: இப்ப அமுக்குங்க டீச்சர்.

அம்பிகா: அமுக்கிட்டேன்.

அறிவு: விட்டு அமுக்குங்க.

அம்பிகா: விட்டும் அமுக்கிட்டேன், விடாமலும் அமுக்கிட்டேன். செத்துப் போச்சு சார்.

அறிவு: அவ்வளவு சீக்கிரமெல்லாம் சாகாது. லைட் எரியுதா?

அம்பிகா: இல்ல.

அறிவு: ஃபேன் சத்தம்?

அம்பிகா: கேக்குது.

அறிவு: கேக்குதா!

அம்பிகா: மேல சுத்துதே, அந்த ஃபேன்.

அறிவு: டீச்சர்... மணி என்ன தெரியுமா?

அம்பிகா: மூணு நாப்பது.

அறிவு: அஞ்சு மணியோட வெப்சைட்டை மூடிடுவாங்க. இன்னிக்குத்தான் கடைசி நாள். மூணு வருஷமா அரியலூர் டிரான்ஸ்பர், அரியலூர் டிரான்ஸ்பர்னு ஜபம் பண்ணிட்டு, இப்ப ஜோக் அடிக்கிறீங்க.

அம்பிகா: அழுதா ஆன் ஆகிடுமா? சொல்லுங்க, அழறேன்.

அறிவு: காலையில எத்தனை மணிக்கு வந்தீங்க?

அம்பிகா: பத்துக்கு. ரெட்டிபாளையத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி, கோடை லீவுலயும் கர்மசிரத்தையா வந்தேன். வந்து பட்டனை அமுக்கினா... கம்முனு கெடக்கு.

அறிவு: பத்து மணிக்கே எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல? எங்க வூடு இந்தக் காம்பவுண்டுக்குப் பின்னால. கூப்பிட்டா காது கேக்கும்.

அம்பிகா: லீவுல தூங்குவீங்கன்னு...

அறிவு: நான் எதேச்சையா இந்தப் பக்கம் வந்தேன், மேடம் வண்டி நிக்குதேன்னு எட்டிப் பாத்தேன். இல்லன்னா என்ன ஆயிருக்கும்?

அம்பிகா: ஒண்ணும் ஆயிருக்காது.

அறிவு: அதைத்தான் சொல்றேன்.

உண்ணாமலை: என்ன சார், லீவு நாள்ல என் ரூம்ல சயின்ஸ் கிளாஸா?

அறிவு: வாங்க மேடம். பள்ளிக்கூடத்துக்கே தலைமை ஆசிரியர் நீங்க, உங்க கம்ப்யூட்டர் இப்படிப் பண்ணலாமா?

உண்ணாமலை: அதுக்கு வயசாயிடுச்சு, எனக்கும் வயசாயிடுச்சு. ரெண்டு பேரையும் தொந்தரவு பண்ணாதீங்க. இந்தாங்க, மோர்.

அறிவு: மோர் அப்புறம் மேடம். முதல்ல பிளக் பாயிண்ட். டீச்சர், என் போன் சார்ஜரை இதுல சொருகுங்க.

அம்பிகா: சொருகிட்டேன்.

அறிவு: சார்ஜ் ஏறுதா?

அம்பிகா: ஏ... ஏறல.

அறிவு: சுவிட்சைப் போடுங்க.

அம்பிகா: ஓ. ஏறுது.

அறிவு: கரண்ட் இருக்கு. அடுத்தது ஒயர். பிரிண்டருக்கும் இதே ஒயர்தான், அதைக் கழட்டி இதுல மாட்டுறேன்... மாட்டியாச்சு. அமுக்குங்க.

அம்பிகா: ஊஹூம்.

அறிவு: சந்தோஷமா சொல்றீங்க?

அம்பிகா: என் குரலே அப்படித்தான் சார்.

உண்ணாமலை: பெரம்பலூர்ல ஒரு மெக்கானிக் இருக்கான். திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்.

அறிவு: திங்கக்கிழமை வந்து என்ன பண்றது மேடம், திதி குடுக்கவா? சரி... டீச்சர், சர்வீஸ் ரெஜிஸ்டரை எடுத்துக்குங்க. என் வண்டியில பூலாம்பாடி பஜார் போயிடுவோம். அங்க கடையில ஸ்கேன் பண்ணி அனுப்பிடலாம்.

உண்ணாமலை: சர்வீஸ் ரெஜிஸ்டர் இந்த கேட்டைத் தாண்டக் கூடாது.

அறிவு: நானே கையோட கொண்டுவந்து...

உண்ணாமலை: பிரசவத்துக்குன்னாலும் தாண்டக் கூடாது. ஏற்கெனவே ஸ்கேன் பண்ணினது இந்தப் பொட்டிக்குள்ள இருக்கு. அதுலேர்ந்துதான் போகணும். நான் அப்ரூவல் குடுக்கறதும் இதுலதான்.

அறிவு: உங்க போன்ல குடுக்க முடியாதா?

உண்ணாமலை: எனக்கு போன்ல பேசத் தெரியும். பேசினதைக் கட் பண்ணத் தெரியும். அவ்வளவுதான்.

அம்பிகா: பாத்தீங்களா சார், எல்லாக் கதவும் அடைச்சாச்சு. மோரைக் குடிங்க.

அறிவு: கதவு அடைச்சா ஸ்குரூ கழட்டுவோம். ஸ்குரூ டிரைவர் எங்க?

அம்பிகா: காணும்.

அறிவு: உங்க கையில இருக்கறது என்ன?

அம்பிகா: ஓ... இதுவா?

அறிவு: குடுங்க. மேடம், நீங்க கொஞ்சம் இப்படி வாங்க... அந்த விஷயம்... டீச்சருக்குத் தெரியாதுல்ல?

உண்ணாமலை: நான் மூச்சு விடல சார்.

அறிவு: அதை நீங்க முடிச்சுட்டீங்கல்ல?

உண்ணாமலை: நேத்து சாயங்காலமே முடிச்சாச்சு. ஆனா சொந்த வூட்டுலேர்ந்து மணிச்சத்தம் கேட்டு வேலைக்கு வர்ற மனுஷனுக்கு, இது தேவையான்னு நெனச்சேன்.

அம்பிகா: என்ன ரெண்டு பேரும் அங்க குசுகுசுன்னு?

அறிவு: மோர்ல உப்பு கம்மின்னு சொன்னேன்.

அம்பிகா: குடிக்கவே இல்ல, அதுக்குள்ள உப்பா?

உண்ணாமலை: நான் போய் உப்பு எடுத்துட்டு வரேன்.

அறிவு: டீச்சர், இந்தப் பக்கத்து மூடியைப் பிடிங்க. இழுக்கறேன். ஒண்ணு, ரெண்டு... யப்பா! என்ன தூசி! பத்தாவது கிளாஸ் போர்டைத் தட்டினாக்கூட இவ்வளவு வராது.

அம்பிகா: பல்லி முட்டை!

அறிவு: ஆமா. ரெண்டு.

அம்பிகா: பாவம் சார். குடும்பம் நடத்துது. மூடி வெச்சிடலாமா?

அறிவு: உங்க குடும்பம் அரியலூர்ல இருக்கு, அதைப் பாருங்க.

அம்பிகா: முதல்ல ரேமைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேய்க்கணும். போன ஜூன்ல கம்ப்யூட்டர் ட்ரெயினிங்ல நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? இந்தாங்க ரப்பர். பொறுமையா தேய்ங்க. அவசரமே இல்ல.

அறிவு: அவசரமே இல்லையா? மணி நாலு! ரேம் மக்கர் பண்ணினா ஃபேனாவது சுத்தும், பீப் பீப்னு கத்தும். இது மூச்சே விடல. ரேமைத் தேய்ச்சா ரப்பர்தான் தேயும்.

அம்பிகா: அப்ப மதர்போர்டு போயிருக்கும். மதர்போர்டு போனா ஒண்ணும் பண்ண முடியாதுல்ல? அன்னிக்கு சொன்னீங்க.

அறிவு: ட்ரெயினிங்ல நீங்க கடைசி பெஞ்சுல உக்காந்து நோட்டுல கோலம் போட்டுட்டு இருந்தீங்க. இவ்வளவு ஞாபகம் வெச்சிருக்கீங்க!

அம்பிகா: கோலம் கைக்கு. காது உங்களுக்கு.

அறிவு: அந்த... அந்த ஸ்குரூவை... அங்க வைங்க.

அம்பிகா: என்ன சார், ரேம் மக்கர் பண்ணிடுச்சா? பேச்சு திக்குது?

அறிவு: போன் அடிக்குது பாருங்க. உங்களோடது.

அம்பிகா: அய்யோ, அம்மா... ஹலோ... ஆன் ஆகலம்மா. நான் என்ன பண்ணட்டும்?... இல்லம்மா, சிரிக்கல... சிரிக்கலம்மா, தூசி தொண்டையில... ஆமா, சயின்ஸ் சார் வந்திருக்காரு. பாவம், குடைஞ்சிட்டே இருக்காரு... நம்ம தலையெழுத்து அவ்வளவுதாம்மா. இன்னும் ஒரு வருஷம் பஸ்ஸுலயே போயிடறேன்... சரி, சரி, வெச்சிடறேன்.

அறிவு: என்ன சொல்றாங்க?

அம்பிகா: சார்கிட்ட சொல்லி நல்லா பாக்கச் சொல்லும்மாங்கறாங்க. காலையில கல்லங்குறிச்சி பெருமாளுக்குக் காசு முடிஞ்சு வெச்சிருக்காங்களாம்.

அறிவு: அவங்க உங்களை விட ஆர்வமா இருக்காங்க.

அம்பிகா: அவங்களுக்கென்ன. அப்பா சிமென்ட் ஃபேக்டரி ஷிப்டுக்குப் போயிட்டா, நாள் பூரா தனியா உக்காந்திருக்காங்க. ஜன்னல் படியைத் தொடைச்சுக்கிட்டே இருப்பாங்க. தொடைக்கத் தொடைக்க சிமென்ட் தூசி படியும்.

அறிவு: அப்ப போகணும் டீச்சர். அதான் சொல்றேன். சரி, ஒரு ஜெம் கிளிப் குடுங்க.

அம்பிகா: எதுக்கு?

அறிவு: இதோ, இந்த டப்பாதான் மொத்தக் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் குடுக்குது. இதைப் போர்டுலேர்ந்து கழட்டிட்டு, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கிளிப்பால இணைச்சா, டப்பா நல்லாயிருந்தா அதோட ஃபேன் சுத்தும்.

அம்பிகா: ஷாக் அடிக்கும் சார்! வேணாம்! அவ்வளவு ரிஸ்க் எடுத்து நான் அரியலூர் போக வேண்டாம்!

அறிவு: அடிக்காது.

அம்பிகா: அடிச்சா?

அறிவு: அடிச்சா உங்க கணக்கு கிளாஸோட என் சயின்ஸ் கிளாஸையும் எடுத்துக்குங்க. விடுங்க என் கையை.

அம்பிகா: நான் எங்க புடிச்சேன்?

அறிவு: இதோ.

அம்பிகா: ...ஓ.

அறிவு: இப்ப பாருங்க... சுத்துது! சுத்துது பாருங்க!

அம்பிகா: சே!

அறிவு: என்னது?

அம்பிகா: சே... எவ்வளவு அழகா சுத்துது!

உண்ணாமலை: என்ன சத்தம்? ஆன் ஆயிடுச்சா?

அறிவு: பாதி மேடம். கரண்ட் டப்பா நல்லாயிருக்கு.

உண்ணாமலை: ஓ... பாதிதானா. நல்லது. இந்தாங்க உப்பு.

அறிவு: ரெண்டு பேரும் எனக்கு எதிரா சதி பண்ற மாதிரியே பேசறீங்க. டப்பாவைத் திரும்பப் போர்டுல மாட்டியாச்சு. மிச்சம் ரெண்டே விஷயம். ஒண்ணு போர்டு, இன்னொண்ணு பட்டன். பட்டன்லேர்ந்து ஒரு சின்ன ஒயர் வந்து போர்டுல ரெண்டு குச்சியில மாட்டியிருக்கும். பட்டனை விட்டுட்டு, அந்த ரெண்டு குச்சியையும் ஸ்குரூ டிரைவராலயே தொட்டா...

அம்பிகா: சார், மோர் புளிச்சிடும்!

அறிவு: டிரைவரை விடுங்க டீச்சர்.

அம்பிகா: மணி நாலே கால் ஆயிடுச்சு. இனிமே எங்க? பரவால்ல சார். அடுத்த வருஷம் பாத்துக்கலாம். நீங்க இவ்வளவு பண்ணினதே போதும். கையெல்லாம் கரி. கழுவுங்க.

அறிவு: தொடறேன்...

அம்பிகா: சார்...

அறிவு: வந்துடுச்சு! லைட், ஃபேன், எல்லாம்! மேடம், பாருங்க, ஸ்கிரீன்ல எழுத்து!

உண்ணாமலை: அட... வந்தே வந்துடுச்சா.

அறிவு: போர்டு தங்கம். அப்ப பட்டன் ஒயர்தான்... எங்க அது? இங்க இருக்கணும். இல்லையே... இதோ. இந்தச் சந்துல செருகியிருக்கு. டீச்சர்...

அம்பிகா: எலியா இருக்கும் சார். சத்துணவு அரிசி பக்கத்து ரூம்லதானே. எலி இழுத்திருக்கும்.

அறிவு: எலியா?

அம்பிகா: பெரிய எலி.

அறிவு: இழுத்துட்டு, முடிச்சுப் போட்டிருக்கே? முடிச்சுப் போட்டு, வெளிய தெரியாம மடிச்சு, பத்திரமா செருகி வெச்சிருக்கு.

அம்பிகா: படிச்ச எலியா இருக்கும்.

அறிவு: என்ன படிச்ச எலி? கணக்கா?

உண்ணாமலை: அம்பிகா... என்னம்மா இது?

அம்பிகா: ட்ரெயினிங்ல சார்தான் மேடம் சொன்னாரு. இந்த ஒரு ஒயரைப் பிடுங்கினா எதுவும் கெட்டுப் போகாது, ஆனா பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் உயிர் வராதுன்னு.

அறிவு: நீங்களா பண்ணினீங்க?

அம்பிகா: நீங்க வந்து நிப்பீங்கன்னு யாரு கண்டா? அஞ்சு மணி வரைக்கும் உக்காந்துட்டு, அம்மாகிட்ட 'நான் போனேன், ஆகல'ன்னு சொல்லிட்டுப் போயிடலாம்னு நெனச்சேன். மதியம் மேடம்கூட தயிர்சாதம் சாப்பிட்டுட்டு நிம்மதியா இருந்தேன். எதேச்சையா வந்தாராம், எதேச்சையா!

அறிவு: ஏன் டீச்சர்? மூணு வருஷம்... பஸ்ஸுல நின்னுக்கிட்டே நோட்டு திருத்துவீங்க. அம்மா தனியா இருக்காங்க. எல்லாம் அரியலூர்லதானே இருக்கு?

அம்பிகா: எல்லாம் இல்ல.

அறிவு: வேற என்ன இல்ல?

அம்பிகா: மக்கு சயின்ஸ் வாத்தியாரே! மத்தியானம் அவங்க அம்மா வெச்ச குழம்பைக் கிண்ணத்துல மறைச்சு எடுத்துட்டு வந்து, 'அதிகமாயிடுச்சு'ன்னு பொய் சொல்லி என் டேபிள்ல வெக்கிற ஆளு அரியலூர்ல இல்ல!

உண்ணாமலை: நான் வேணா வெளிய போய் உப்பு...

அம்பிகா: உப்பு கையிலதான் இருக்கு மேடம். இருங்க. ஏதாவது பேசச் சொல்லுங்க அவரை.

அறிவு: டீச்சர்... நான்... நேத்து...

அம்பிகா: நேத்து?

அறிவு: நேத்து நானும் டிரான்ஸ்பர் போட்டுட்டேன்.

அம்பிகா: எங்க?

அறிவு: உங்க அம்மா வூட்டுலேர்ந்து ரெண்டு கிலோமீட்டர்ல ஒரு ஸ்கூல் இருக்குன்னு சொல்வீங்களே. அதே ஸ்கூல். சயின்ஸுக்கு ஒரு இடம் காலியா காட்டுச்சு.

அம்பிகா: பின்னாலயே வூட்டை வெச்சுக்கிட்டு?

அறிவு: வூடு நகராது. நான் நகரலாம்ல.

அம்பிகா: அய்யோ! நீங்க அங்க போயிட்டு, நான் இங்க உக்காந்து யாரு கிண்ணத்தைத் திறக்கறது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அறிவு: நீங்க போறது நிச்சயம்னு நெனச்சேன்! அங்க வந்து ஸ்டாஃப் ரூம்ல நின்னு ஒரு வணக்கம் வெக்கலாம்னு...

அம்பிகா: வணக்கமாம்! மணி என்ன?

உண்ணாமலை: நாலு இருவத்தி மூணு.

அம்பிகா: என்ன ரெண்டு பேரும் வேடிக்கை பாத்துட்டு நிக்கறீங்க? நகருங்க! என் ஃபார்ம் எங்க?

அறிவு: டீச்சர், ஸ்கிரீனைப் பாருங்க. அப்டேட் ஆகுதாம். பதினெட்டு சதவீதம். அணைக்காதீங்கன்னு போட்டிருக்கு.

அம்பிகா: இப்பவா!

அறிவு: காலையிலேர்ந்து கட்டிப் போட்டீங்கல்ல. பழி வாங்குது.

அம்பிகா: ஏ பொட்டி, மன்னிச்சுக்கோ. தங்கம்ல. பல்லி முட்டையைக்கூட ஒண்ணும் பண்ணல பாரு.

அறிவு: இருவத்தி ஆறு.

அம்பிகா: மெதுவா எண்ணாதீங்க!

அறிவு: நான் வேகமா எண்ணினா அது வேகமா ஓடுமா?

அம்பிகா: மேடம், அந்த மோரைக் குடுங்க. தொண்டை வறண்டு போச்சு... உவ்வே! எவ்வளவு உப்பு!

உண்ணாமலை: அவரு கேட்டாரு.

அறிவு: அறுபது... எழுபத்தி ரெண்டு... தொண்ணூறு... வந்துடுச்சு! நாலு நாப்பத்தி ஒண்ணு. பாஸ்வேர்ட் போடுங்க. நான் திரும்பிக்கறேன்.

அம்பிகா: திரும்ப வேணாம். உங்க பேருதான்.

அறிவு: என்ன?

அம்பிகா: ஸ்பெல்லிங் சொல்லட்டுமா? மாவட்டம்... அரியலூர். ஸ்கூல்... இதோ. ஸ்கேன் பண்ணினது எங்க? கிடைச்சுது. ஏத்தியாச்சு. ஓ.டி.பி. என் போனுக்கு வருமாம்... அய்யோ, அம்மா கூப்பிடறாங்க!

அறிவு: கட் பண்ணுங்க!

அம்பிகா: அம்மாவையா?

அறிவு: ரெட்டிபாளையத்துல போய் கால்ல விழுந்துக்கலாம், கட் பண்ணுங்க!

அம்பிகா: பண்ணிட்டேன். வந்துடுச்சு... நாலு, எட்டு, ஒண்ணு... எனக்கு நம்பர் தப்பா விழுது. நீங்க அடிங்க.

அறிவு: அடிச்சுட்டேன். சப்மிட்... சுத்துது... சுத்துது... போயிடுச்சு! நாலு அம்பத்தி மூணு!

அம்பிகா: போயிடுச்சா? நிஜமாவா?

அறிவு: இனிமே மேடம் அப்ரூவல் மட்டும்தான். மேடம், உக்காருங்க. உங்க லாகின்.

உண்ணாமலை: வரேன், வரேன். மூட்டு வலி... கண்ணாடி எங்க வெச்சேன்?

அம்பிகா: தலையில மேடம்.

உண்ணாமலை: பாஸ்வேர்ட் என்ன வெச்சேன்...

அறிவு: கீ-போர்டுக்கு அடியில ஒட்டியிருக்கு மேடம்.

உண்ணாமலை: ஒரு விரல்லதான் அடிப்பேன். அவசரப்படுத்தாதீங்க... ம். வந்துடுச்சு.

அம்பிகா: 'நிலுவையில் உள்ளவை... ரெண்டு'. ரெண்டா? நம்ம ஸ்கூல்லேர்ந்து வேற யாரு மேடம் போட்டா?

அறிவு: ஒண்ணு அம்பிகா. இன்னொண்ணு... மேடம்! இது என் பேரு! நேத்தே முடிச்சாச்சுன்னு சொன்னீங்களே!

உண்ணாமலை: சொன்னேன். முடிக்கல. ஒரே நாள்ல கணக்கும் சயின்ஸும் கெளம்பிப் போனா, பத்தாவது புள்ளைங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன மோர் கடையறதா? காலையிலேர்ந்து இந்தப் பொட்டி ஆன் ஆகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டது இவ மட்டும்தான்னு நெனச்சீங்களா?... ஏன் ரெண்டு பேரும் அப்படிப் பாக்கறீங்க? இன்னும் மூணு நிமிஷம் இருக்கு. ரெண்டுக்கும் சேர்த்தே அமுக்கறேன், முதல்ல என் கையை விடுங்க!